வில்மா கேட்ட வலை

எங்கள் துறைமுகத்தில் 'பிரேவ்' என்ற சொல்லை உப்புப் போல எல்லாவற்றிலும் போடுவோம். பள்ளிக்கூடத்தில் அதற்குத் தைரியசாலி என்று பொருள் சொல்லிக்கொடுத்தார்கள். யார் கேட்டது? மழை விட்டுக் கொஞ்சம் வெயில் எட்டிப் பார்த்தால் அது பிரேவான நாள். வலை கொள்ளாமல் இறால் வந்தால் பிரேவான பாடு. பேருந்துக்கு ரொம்ப நேரம் நின்றால் அது பிரேவான நேரம். உடம்பு எப்படி என்று கேட்டால், இடுப்பு ஒடிந்து கிடப்பவன்கூட "பிரேவாத்தான் இருக்கேன்" என்பான். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது. வில்மா மஹூடைப் பற்றிச் சொல்ல வந்தவள் இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இந்த ஊர் அந்தச் சொல்லை அவளுக்கு அள்ளி அள்ளிக் கொடுத்தது, பிறகு ஒரே நாளில் பிடுங்கிக்கொண்டது. இரண்டையும் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். இன்னும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

வில்மா எங்கள் ஊர் போர்ட்கேரிக்கில் பிறந்தவள் இல்லை. உள்நாட்டில், மலையடிப் பக்கம், பன்றியும் மாடும் வளர்க்கிற வீட்டுப் பெண். எங்கள் டெஸ்மண்ட் மஹூட் ஒரு சந்தை நாளில் அவளைப் பார்த்துவிட்டு வந்து, பித்துப் பிடித்தவன் மாதிரி அலைந்து, அடுத்த வருடமே கட்டிக்கொண்டு வந்துவிட்டான். வந்த வாரத்திலேயே அவள் படகுத்துறைக்குப் போய், டெஸ்மண்டின் அண்ணன் ஹெர்பியிடம், "எங்க வீட்டுப் பன்னி ஒரு கூடை குட்டி போட்டிருக்கு" என்று சந்தோஷமாகச் சொன்னாள். கடலுக்குக் கிளம்புகிற ஆணின் காதில் அந்த மிருகத்தின் பெயர் விழக் கூடாது. ஹெர்பி தோஷம் கழிய அவசரமாக, வலை இழுக்கிற வின்ச்சின் இரும்பைத் தொட்டான், படகைத் திரும்பக் கட்டினான், வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டான். அவன் மனைவி ஐனா அன்றைக்கு முழுக்கத் தெருவில் நின்று புலம்பினாள்.

"ஏன் எட்னா, பன்னி என்ன கடல்ல நீந்தி வந்து கடிச்சுடுமா?" என்று வில்மா என்னிடம் கேட்டாள். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதிகள்.

இறால் கொட்டகையில் அவளும் நானும் ஒரே மேசை. தலையைத் திருகி எறிந்துவிட்டு வாலைக் கூடையில் போடுகிற வேலை. விரல் நுனியெல்லாம் முள் குத்திக் குத்தி வெந்துபோயிருக்கும். எங்கள் ஊர்க்காரர்கள் ஒன்றைக் கேட்க வேண்டுமென்றால் அதைச் சுற்றி மூன்று தெரு நடப்பார்கள். வில்மா நேராகப் போய்க் கதவைத் தட்டுகிறவள். இதனால் அவளுக்குச் சண்டையும் வந்தது, நல்ல பெயரும் வந்தது. டெஸ்மண்டுக்கு அவளிடம் பிடித்ததே அந்த வாய்தான். "என் பொண்டாட்டிகிட்ட எதையும் மறைக்க வேணாம், அவளே கேட்டுடுவா" என்று மதுக்கடையில் பெருமை பேசுவான்.

எண்பத்தாறு பிப்ரவரியில் டெஸ்மண்ட் கடலில் விழுந்தான். ஹெர்பியின் படகில்தான் வேலை செய்தான். வலை ஏறும்போது இரும்பு வடம் சிலுப்பி அடித்ததில் தூக்கி எறியப்பட்டான். கலங்கரை விளக்கம் கண்ணுக்குத் தெரிகிற தூரம். காலில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், மேலே தண்ணீர் புகாத கனத்த எண்ணெய்ச் சட்டை. ஹெர்பி அந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வந்தானாம். ஒரு தொப்பிகூடக் கிடைக்கவில்லை.

ஹெலிகாப்டரும் உயிர்காப்புப் படகும் வந்து தேடின, இனிப் பயனில்லை என்று போய்விட்டன. எங்கள் படகுகள் போகவில்லை. எங்களில் ஒருவன் கடலுக்குள் கிடக்கும்போது இந்தத் துறைமுகத்துப் படகு ஒன்றுகூட மீன்பிடிக்கப் போகாது. வலைகளைச் சுருட்டிக் கட்டிவிட்டு எல்லாரும் தேடப் போவார்கள், ஞாயிற்றுக்கிழமைகூட. நீர்மேல் கண்ணால் தேடுவார்கள், பாறையோரம் கொக்கி போட்டுத் துழாவுவார்கள். வலையை மட்டும் இறக்க மாட்டார்கள். செத்தவனை இறாலோடு இறாலாக வலையின் மடியில் வாரிக்கொண்டு வருவது அவனுக்குச் செய்கிற அவமானம் என்பது எங்கள் ஆண்களின் எண்ணம். இந்தத் தேடல் நிற்க வேண்டுமென்றால் உடல் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் அந்த வீட்டிலிருந்து ஒரு சொல் வர வேண்டும். போதும், தொழிலைப் பாருங்கள் என்று மனைவியோ தாயோ வாய் திறந்து சொல்ல வேண்டும். டெஸ்மண்டின் தாய் எப்போதோ போய்விட்டாள். ஆக, சொல்ல வேண்டியவள் வில்மா.

இது எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். மலையடியிலிருந்து வந்தவளுக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பது ஒருவர் புத்திக்கும் எட்டவில்லை.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அவன் உயிரோடு வரமாட்டான் என்று முதல் நாளே புரிந்துகொண்டாள். "எனக்கு அவனைப் பாத்து, மண்ணுல வைக்கணும் எட்னா. எங்க இருக்கான்னு எனக்குத் தெரியணும். தண்ணியில எங்கன்னு போய் நிப்பேன்?" என்று ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னாள். மற்றவர்கள் முன்னால் அழவே இல்லை. விடியும் முன்பே எழுந்து, சோடா ரொட்டி சுட்டு, பன்றி இறைச்சியை நடுவில் வைத்துக் கட்டி, தேடப் போகிற படகுகளுக்கெல்லாம் கொடுத்தனுப்பினாள். அந்த இறைச்சியின் பெயரை அந்த நாட்களில் அவளும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

ஊர் உருகியது. "என்ன பிரேவான பொண்ணு" என்று கடையில் சொன்னார்கள். தேவாலயத்தில் போதகர் அவள் பெயரைச் சொல்லி, அந்தத் தைரியம் நமக்கெல்லாம் ஒரு பாடம் என்றார். ஐனாகூட அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "பிரேவா இருக்கடி நீ, நானா இருந்தா படுத்த படுக்கைதான்" என்றாள். வில்மா எல்லாருக்கும் தலையை ஆட்டினாள். சொல்லப் போனால் அந்த நாட்களில் அவள் வில்மாவாகவே இல்லை. கேள்வி கேட்கிற வாய் மூடிக்கொண்டது. எல்லாருக்கும் அது பிடித்திருந்தது.

மூன்றாவது வாரத்தில் காற்று மாறியது. தொழில் இல்லாத வீடுகளில் சண்டைச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஆனால் யாராவது நேராகச் சொன்னார்களா? சொல்லுவார்களா எங்கள் ஆட்கள்? அவள் வீட்டு வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்று, "பிரேவான நாளாச்சு இல்ல, வில்மா" என்றார்கள்.

"ஆமா, ரொம்ப நாளாச்சு" என்பாள். தேநீர் ஊற்றிக் கொடுப்பாள்.

குடித்துவிட்டு மென்று விழுங்கிக்கொண்டு திரும்பிப் போவார்கள். வெளியே போய், "பிடிவாதக்காரி, விடமாட்டேங்கிறா" என்று தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். மறுநாள் காலையில் மறுபடியும் படகை எடுப்பார்கள். இப்படியே போனது.

அந்த வாரக் கடைசியில் என் கணவர் நார்மனின் படகை ஒரு அலை பக்கவாட்டில் அறைந்தது. சுக்கான் அறைக் கண்ணாடி நொறுங்கி அவர் முகத்தில் பாய்ந்தது. கண் தப்பியது கடவுள் புண்ணியம். தையல் போட்ட முகத்தோடு நாற்காலியில் உட்கார்ந்து, "நாளைக்குக் காத்து கொஞ்சம் குறையும், தெற்கால பாறைப் பக்கம் பாக்கலாம்" என்கிறார் மனுஷன். எனக்கு வந்ததே கோபம். அவர் ரத்தத்தைத் துடைத்த துணியைக் கையில் வைத்துக்கொண்டே வில்மா வீட்டுக்கு நடந்தேன்.

அவள் மறுநாளைக்கு ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் எங்க வீட்டு ஆம்பளைங்கள்ல எத்தனை பேரைக் கொன்னா உனக்குத் திருப்தி?" என்றேன்.

கத்தியைக் கீழே வைத்தாள். "நானா?"

"பின்ன யாரு? போதும்னு ஒரு வார்த்தை சொன்னா வாயிலேர்ந்து முத்தா உதிர்ந்துடும்?"

"நான் சொல்லணுமா?" அவள் முகம் வெளுத்துவிட்டது. "எட்னா, அவங்கல்ல வந்து சொல்லணும். இனி கிடைக்க மாட்டான்னு அவங்க வாயால சொல்லுவாங்கன்னு நான் காத்துக்கிட்டு இருக்கேன். தினமும் படகு கிளம்பறப்ப, இன்னைக்கு யாரு போவாங்களோன்னு என் வாசல்லயே நிக்கிறேன். நிறுத்துங்கன்னு சொன்னா, இவளுக்காகத்தானே தேடுறோம், இவளுக்கு நன்றி இல்லையேன்னு நினைப்பாங்களேன்னுதான் வாயைப் பொத்திக்கிட்டு இருக்கேன்."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். போதகர் சொல்லியிருப்பார் என்று ஆண்கள் இருந்திருக்கிறார்கள். குடும்பத்தார் சொல்லியிருப்பார்கள் என்று போதகர் இருந்திருக்கிறார். நானே சொன்னால் விரட்டுவது போலிருக்கும் என்று ஐனா இருந்திருக்கிறாள். ஊரே வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்டு, ஒருத்தியின் தைரியத்தை மெச்சிக்கொண்டிருந்தது. அவர்கள் அவளுக்காகக் காத்திருக்க, அவள் அவர்களுக்காகக் காத்திருக்க, நடுவில் என் புருஷன் முகம் கிழிந்தது. தலையில் அடித்துக்கொள்ளாமல் என்ன செய்வது?

நான் வழக்கத்தை முழுக்கச் சொன்னேன். வலை இறக்காததையும் சேர்த்துச் சொன்னேன்.

"அவன் தண்ணிக்கு அடியில கிடக்கான்" என்றாள் வில்மா. "இவங்க இத்தனை நாளா மேல பாத்துக்கிட்டு இருக்காங்க."

"வழக்கம் அப்படி."

"எங்க பண்ணையில ஒரு கிடேரி சதுப்புக் குழியில முங்கிச் செத்துச்சுன்னா, கயிறு போட்டு இழுத்து வெளிய எடுத்துத்தான் புதைப்போம். அவமானம்னு குழியிலயே விட்டுட்டு வரமாட்டோம்." ஒரு மாட்டுக்குச் செய்வதை டெஸ்மண்டுக்குச் செய்யச் சொல்கிறாளே என்று எனக்கே சுருக்கென்றது. அவளுக்குச் சுருக்கென்றதாகத் தெரியவில்லை. பழைய வில்மா திரும்பி வந்திருந்தாள்.

மறுநாள் காலை துறைக்குப் போனாள். படகு கிளம்புகிற நேரத்தில் பெண்கள் அங்கே கால் வைப்பதில்லை. நானும் கூடப் போனேன், விடவா முடியும்? ஆண்கள் எங்களைப் பார்த்ததும் கையில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு நின்றார்கள். சிலர் முகத்தில் நிம்மதி எழுதி ஒட்டியிருந்தது. சொல்லப் போகிறாள், அப்பாடா என்று.

"எனக்கு இங்க உள்ள வழக்கம் தெரியாது. நேத்துதான் தெரிஞ்சுச்சு" என்றாள். "இனிமே யாரும் தேட வேணாம். போதும். உங்க எல்லாருக்கும் நான் கடன்பட்டிருக்கேன்."

ஹெர்பி தொப்பியைக் கழற்றினான். "நீ பிரேவான பொம்பளை, வில்மா" என்றான்.

"இருங்க, நான் முடிக்கல. வலையைக் கட்டி வச்சிருக்கீங்கல்ல, அதை அவிழ்த்து அவன் விழுந்த இடத்துலயே போடுங்க. எனக்கு அவனைக் கொண்டு வந்து கொடுங்க."



"என்ன சொல்றோம்னு தெரிஞ்சுதான் சொல்றியா?" என்றான் ஹெர்பி. "என் தம்பியை இறால் மாதிரி மடியில வாரிக்கிட்டு வந்து தளத்துல கொட்டச் சொல்றியா?"

"ஆமா."

"வெக்கமா இல்ல உனக்கு? மூணு வாரம் ஆச்சு. அவன் இப்ப எப்படி இருப்பான்னு..."

"எப்படி இருந்தாலும் அவன் என் புருஷன். நான் பாத்துக்கிறேன்." அவள் அவன் முகத்தையே பார்த்தாள். "உங்களுக்குப் பயமா இருக்கா, ஹெர்பி?"

அந்தத் துறையில் இத்தனை வருடத்தில் ஒருவரும் ஒருவரையும் கேட்டிராத கேள்வி அது. அதுவும் ஒரு பெண், அத்தனை பேர் முன்னால். அவள் அவனைக் குத்துவதற்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்கு அவளைத் தெரியும். ஹெர்பி தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். அவன் போவதைப் பார்த்து ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டு விலகினார்கள்.

கடைசியில் நார்மன், முகத்தில் கட்டோடு, "எந்த இடம்னு எனக்குத் தெரியும்" என்றார். வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. முந்தின நாள் அவளைப் போய்த் திட்டியவளே நான்தான், எந்த முகத்தோடு சொல்லுவது?

நார்மன் வலை போட்ட முதல் நாள் ஒன்றும் வரவில்லை. மறுநாள் மாலை படகு கொடியைப் பாதியில் இறக்கிக்கொண்டு வந்தது. வேலையாட்களை முன்பக்கம் போய்த் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, நார்மன் தனியாகவே மடியை அவிழ்த்து, தனியாகவே அவனை எடுத்துப் போர்வையில் சுற்றியிருக்கிறார். அதைப் பற்றி என்னிடம் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. வீட்டுக்கு வந்து கையைக் கழுவினார், மறுபடி கழுவினார். நான் குழாயை மூட வேண்டியிருந்தது.

வில்மா அவனைப் பார்த்தாள். பார்க்க வேண்டாம் என்று எல்லாரும் சொல்லியும் பார்த்தாள். தனியாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்தபோது, "அவன்தான்" என்றாள். பிறகுதான் அழுதாள். என் தோளில் சாய்ந்து அழுத அழுகையில் என் சட்டை நனைந்துபோனது. மூன்று வார அழுகை அது.

மூடிய சவப்பெட்டியோடு ஒரு இரவு வீட்டில் வைத்திருந்தோம். ஊர் வந்தது. துக்கம் கேட்டது, தேநீர் குடித்தது, ரொட்டி தின்றது. எல்லாரும் முறைப்படி அவள் கையைக் குலுக்கினார்கள். நான் வாசலுக்குப் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருவர் வாயிலும், ஒரே ஒருவர் வாயிலும், அந்தச் சொல் வரவில்லை. மழையையும் உருளைக்கிழங்கையும் பிரேவ் என்று சொல்லுகிற ஜனங்கள். "கல்நெஞ்சுக்காரி" என்று அடுப்படியில் ஐனா சொன்னது எல்லார் காதிலும் விழுந்தது. "எங்க வீட்டுப் பையனைக் குப்பை மாதிரி வாரச் சொன்னவ. என் புருஷனை ஊர் முன்னாடி கோழைன்னு சொன்னவ."

"அவ எப்ப கோழைன்னு சொன்னா?" என்று நான் கேட்டேன். வில்மா என் கையைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தாள்.

அதற்குப் பிறகு அவள் இங்கேயேதான் இருந்தாள். அப்பா வீட்டில் கூப்பிட்டார்கள், போகவில்லை. டெஸ்மண்டின் கல்லறை இங்கே இருக்கிறது, அதை விட்டு எங்கே போவேன் என்றாள். கொட்டகையில் அதே மேசை. எங்கள் இரண்டு பேருக்கும் எதிரே இருந்தவர்கள் வேறு மேசை பார்த்துக்கொண்டார்கள். டெஸ்மண்ட் கிடைத்த பக்கத்து இறாலைக் கொஞ்ச காலம் ஊரில் யாரும் தொடவில்லை, அதற்கும் இவள்தான் காரணம் என்றார்கள். ஐனா தெருவில் இவளைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவாள். ஹெர்பி அந்தப் பக்கத்துக் கடலையே ஒதுக்கிவிட்டு வடக்கே தொழிலுக்குப் போனான். அவன் கெட்டவன் இல்லை. அன்றைக்கு அவள் கேட்ட கேள்விக்கு என்ன பதில் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது, அது அவனை அரித்தது. வில்மா தலையை நிமிர்த்தியே நடந்தாள். ஆனால் பழையபடி வாய்விட்டுச் சிரித்து நான் பார்க்கவில்லை.

சில வருடங்கள் கழித்து ஒரு நவம்பரில் ஹெர்பியும் விழுந்தான். வடக்கேயும் இல்லை, எங்கள் துறைமுக வாய்க்கு வெளியேதான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான், சாய்ந்தது தண்ணீர்ப் பக்கம்.

மறுபடியும் எல்லாப் படகும் வலையைச் சுருட்டிக் கட்டின. மறுபடியும் மேலே தேடினார்கள். வீட்டுச் சொல்லுக்குக் காத்திருந்தார்கள். ஐனாவைப் போய்ப் பார்த்தவர்கள், "பிரேவா இருக்கா" என்று வந்து சொன்னார்கள்.

ஒரு காலையில் நான் வில்மா வீட்டில் உட்கார்ந்திருந்தேன். கதவு தட்டப்பட்டது. ஐனா. மேல்கோட்டின் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"உள்ள வா" என்றாள் வில்மா.

"வரல." ஐனா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். "என்கூடத் துறைக்கு வர்றியா?"

என் நாக்கு துடித்தது. சொல்ல எத்தனையோ இருந்தது எனக்கு, அத்தனை வருடத்தையும் சேர்த்து வைத்திருந்தேன். வில்மா என் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். நான் தேநீரைக் குடித்தேன்.

"நான் அன்னைக்குப் பேசினதெல்லாம்..." என்று ஐனா ஆரம்பித்தாள்.

"அது இப்ப எதுக்கு?"

"அவரு அங்கதான் கிடக்காரு, வில்மா. எல்லாருக்கும் தெரியுது. நான் சொல்லாம யாரும் வலை போடமாட்டாங்க. எனக்கு உன்னை மாதிரி தைரியம் இல்ல."

"எனக்கு என்ன தைரியம் இருந்துச்சு? அன்னைக்குக் கால் ரெண்டும் வெடவெடன்னு ஆடுச்சு. எட்னாவைக் கேளு. எனக்கு டெஸ்மண்ட் வேணும், அவ்வளவுதான். உனக்கு ஹெர்பி வேணுமா, வேணாமா?"

"வேணும்."

"அதைச் சொன்னாப் போதும்." வில்மா அடுப்பை அணைத்தாள். ஐனாவின் கோட்டுப் பொத்தான்களைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள். பிறகு தன் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

மூவரும் இறங்கிப் போனோம். படகுகள் கிளம்பத் தயாராக நின்றன. எங்களைப் பார்த்ததும் எல்லாரும் வேலையை நிறுத்தினார்கள். ஐனா அவர்கள் முன்னால் போய் நின்று வாயைத் திறந்தாள், சத்தமே வரவில்லை. வில்மா அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நார்மன் அதற்குள் வலையைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்கத் தொடங்கியிருந்தார்.